பாடாதார் ஆராய்ச்சியும் ஆராயாதார் பாட்டும்

சிவமயம்

சைவநன்மக்கள் நாளும் ஓதிவருந் திருமுறைகளின் பண்ணிசை குறித்து இக்காலத்து நிகழும் வழக்கொன்றை ஈண்டு எடுத்துரைத்து, அதன்கண் இருதிறத்தார் கொண்ட பிழையை மறுத்து, சித்தாந்த நூனெறி நின்று உண்மை இஃதென நிறுவ விழைகின்றேம். மறுக்கப்படுவார் எவர்மாட்டும் எமக்குப் பகைமை இல்லை. அவருள் ஒருதிறத்தார் எமக்கு நூல் கற்பித்தவர். மற்றைத் திறத்தார் எமக்குப் பதிகம் பாடக் கற்பித்தவர். ஆயினும், அவ்விருவரும் ஒருவரையொருவர் முகநோக்காது நிற்றலால் அழிந்துபடுவது சைவர் அனைவர்க்கும் பொதுவாய பொருளாகலின், வாளா இருத்தல் முறையன்றெனத் துணிந்தேம்.

சில ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுதும். இரணியலை அடுத்த சிற்றூரொன்றில் முதியவர் ஒருவர் இருந்தார். தறி நெய்து குடும்பம் பேணியவர். இசைக்கல்லூரி எதனிலும் பயின்றவரல்லர். பாட்டனார் பாடக் கேட்டுத் தாமும் பாடியவர். அந்திப்பொழுதில் தறியை நிறுத்தி, கைகால் கழுவித் திருநீறணிந்து, திண்ணையில் அமர்ந்து இந்தளப் பதிகம் ஒன்றை எடுப்பாராயின், முதலிற் சொல் வாராது. வாய்மூடி ‘ம்’ என்னும் ஒலியில் பண்ணின் உருவம் மெல்லமெல்ல எழும்; அதன் பின்னரே பதிகத்தின் முதலடி வரும். நேற்றுப் பாடியவாறே இன்று பாடார். என்று பாடினும் அஃது இந்தளமாகவே இருக்கும். பிறர்பாற் கேட்டறியாத ஓர் இறக்கம் அவர் பாட்டில் இரண்டிடங்களில் வரும். அதனை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஆராய்ச்சிப் பட்டத்தின் பொருட்டு இளைஞர் ஒருவர் அவரைக் காண வந்தார். கற்றவர், பணிவும் உடையவர். பதிகத்தின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “ஐயா, இஃது எந்த இராகம்?” என்று வினவினார். முதியவர், “இந்தளம், தம்பி” என்றார். “அது பண், இராகம் எது?” என்று இளைஞர் மீண்டும் வினவவே, முதியவர் விடையறியாது எம்மை நோக்கினார். யாம், “மாயாமாளவகௌளை என்பர்” என்றேம். அதனை எழுதிக்கொண்டு இளைஞர் விடைபெற்றார். பாட்டை அவர் கேட்டார். கேட்டதைத் தம் குரலில் ஒருமுறையேனும் பாடிப் பார்த்திலர். பார்த்திருப்பின், அவ்விறக்கத்தில் தம் குரல் இடறுதலை உணர்ந்திருப்பர். இடறியிருப்பின் அவ்விடத்தே வினாவொன்று பிறந்திருக்கும்.

பின்னர், கச்சேரி செய்து பேர்பெற்ற இசைவாணர் ஒருவரிடம் அம்முதியவரைப் பற்றிச் சொல்லி, ஒருமுறை வந்து கேட்குமாறு வேண்டினேம். “நாட்டுப்புறத்தார் பாட்டில் ஆராய்தற்கு யாதுளது? ஆராய்ச்சி எழுதுவார் தொழில். எமக்கு மனோதருமம் இறைவன் அளித்தது” என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு முதியவர் சிவனடி சேர்ந்தார். இன்று அவ்விறக்கம் எம் செவியில் மங்கலாக உளது. எம் மிடற்றில் இல்லை. பாடாத ஆராய்ச்சியாளரும் ஆராயாத பாடகரும் செய்த பிழை இஃதென்று கூறவந்த யாமும், பல்லாண்டு அத்திண்ணையருகே இருந்தும் அதனைக் கற்றுக்கொள்ளாதிருந்த குற்றத்திற்கு உரியேம். ஆகவே இக்கட்டுரை பிறரை மட்டும் இடித்துரைப்பதன்று.

இனி, பொருளுக்குள் புகுவோம். மனோதருமம் என இசைவாணர் வழங்குவது யாதெனின், முன்னரே கட்டிவைத்த உருப்படியை அவ்வாறே ஒப்பியாது, பண்ணின் இலக்கணத்துள் நின்று அவ்வப்பொழுது தோன்றுமாறு இசையை விரித்தலாம். இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், விருத்தம் பாடுதல் என்பன அதன் வகைகள். இது பிற்காலத்தே புகுந்ததென்று மயங்குவார், சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையில் ஆளத்தி கூறப்பட்ட பகுதியைக் காண்பாராக. காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என அதன் வகை அங்குக் கூறப்பட்டுள்ளது. மகர ஒற்றிற் சுருதி கூட்டிக் குறிலும் நெடிலுமாகிய உயிர்களால் ஆளத்தி விரியுமாறும் அங்கே காணலாம். எம்மூர்ப் பக்கத்து முதியவர் வாய்மூடி ‘ம்’ என்று தொடங்கியது இவ்விலக்கணத்தோடு ஒத்திருந்தது. முதியவர் அவ்வுரையைக் கண்டவரல்லர். அவ்வுரையைக் கண்டிருக்கக்கூடிய இளைஞரோ, அவர் ‘ம்’ என்றதைத் தம் ஏட்டிற் குறித்திலர். ஏட்டில் உள்ளது திண்ணையிலும் உளதென்று காட்டவல்லார் இருவருக்கும் இடையே ஒருவரும் இலராயினர்.

மெய்கண்ட சந்தானத்தார் கொண்ட அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்றாம். பிறர் அளவைகளைப் பலவாக எண்ணினும் அவையெல்லாம் இம்மூன்றனுள் அடங்குமென்பது சிவஞான சித்தியாரின் அளவையியலிற் காட்டப்பட்டது. இசைப்பொருளை ஆராயுங்கால் இம்மூன்றும் யாவை? இலக்கண நூலும், உரையாசிரியர் கூற்றும், ஆசிரியன் வாய்வழி வந்த பாடாந்தரமும் உரையளவை. நரம்புக் கணக்கும், கல்வெட்டும், ஒன்றோடொன்று ஒப்பிட்டு உய்த்துணர்தலும் கருதலளவை. செவியாற் கேட்டலும் மிடற்றாற் பாடிப் பார்த்தலும் காண்டலளவை. பாடாத ஆராய்ச்சியாளர் முன்னைய இரண்டையுங் கொண்டு மூன்றாவதை ஒழித்தார். ஆராயாத பாடகர் மூன்றாவதை மட்டுங் கொண்டு, உரையில் தமக்கு வேண்டிய அளவே கொண்டு, கருதலை ஒழித்தார். சித்தாந்தம் கற்றார் எவரேனும் ஓரளவையை வெட்டியெறிந்துவிட்டுப் பொருள் துணிதலை ஒப்புவரோ? இறைவன் உண்மையை நிறுவுதற்கு மூன்றும் வேண்டும் என்பார், அவன் புகழ்பாடும் பண்ணின் உண்மையை நிறுவுதற்கு ஒன்றோ இரண்டோ அமையும் என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆராய்ச்சியாளருட் சிலர் கூறும் தடை ஒன்றுண்டு. “பாடுபவரே தம் பாட்டை ஆராய்தல், தம் வழக்கிற்குத் தாமே நடுவராய் இருத்தல் போலும், ஆகலின் பாடாதவரே நடுவுநிலையோடு ஆராயவல்லார்” என்பர். அற்றன்று. நாடி பிடித்தறியாதார் ஒருவர் நாடிநூற்கு உரையெழுதின், அவர் நடுவுநிலையாளர் என்று மருத்துவர் அவ்வுரையைக் கைக்கொள்வரோ? மேலும், பாடும் ஆராய்ச்சியாளர் தம் முடிபைத் தம் நெஞ்சினுள் வைத்துத் தாமே தீர்ப்புச் செய்வாரல்லர். அவையோர் செவிமுன் வைக்கின்றார். எழுதிய முடிபை மறுத்தற்கு மற்றொரு நூல் எழுதல் வேண்டும். பாடிய முடிபை மறுத்தற்கு அவையில் இருப்பார் ஒருவர் “அவ்விடம் பொருந்தவில்லை” என்று எழுந்து பாடினும் அமையும். ஆகவே தம்மைச் சோதனைக்கு உட்படுத்துவார் பாடுவாரேயன்றிப் பாடாதார் அல்லர்.

இதற்குச் சான்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து, தஞ்சையில் மருத்துவராய் விளங்கி, 1917 ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டவர் அவர். சமயத்தாற் கிறித்துவராயினும் தமிழிசைக்கு அவர் ஆற்றிய தொண்டைச் சைவர் மறத்தல் ஆகாது. 1916 ஆம் ஆண்டு பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில், சுருதிகள் 22 என்னும் வழக்கை மறுத்து 24 என நாட்டப் புகுந்த அவர், கணக்கை மட்டும் வாசித்துவிட்டு அமரவில்லை. தம் மகளிரைக் கொண்டு இசைத்துக் காட்டினார். அவர் முடிபை எல்லாரும் ஏற்றுக்கொண்டிலர். இன்றும் அது வழக்காடப்படும் பொருளே. ஆயினும் வழக்கு செவியின் முன் வைக்கப்பட்டது என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது. தோற்கவும் ஒருப்பட்டு அவையேறிய ஆராய்ச்சி அது.

விபுலாநந்த அடிகள் செய்ததும் அதுவே. பல்லாண்டு உழைத்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகள் தம் ஆராய்ச்சியின்வழிச் செய்வித்த யாழை அவ்வரங்கில் இசைக்கச் செய்தார். அடுத்த மாதமே அவர் இறையடி எய்தினார். ஆற்றுவெள்ளத்தில் ஓடக்காரர் செயலற்று நின்றபோது திருஞானசம்பந்தர் பதிகமே ஓடக்கோலாக ஓடம் செலுத்திய தலம் அது. பாட்டுத் தொழிற்பட்ட இடத்திலே ஆராய்ச்சி அரங்கேறியது மிகவும் பொருந்துவதாம். நூலை அச்சிற் படித்தே அறியலாம் என்று அடிகள் எண்ணியிருப்பின், யாழ் செய்விக்கும் இடர்ப்பாட்டை ஏன் மேற்கொண்டார்? நரம்பு ஒலித்தாலன்றி நரம்பின் கணக்கு முற்றுப்பெறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவையெல்லாம் அண்மைக்காலத்து நிகழ்ச்சிகள். நம் முன்னோர்க்கு இந்நெறி உடன்பாடோ எனின், உடன்பாடே. திருமுறைகண்ட புராணம் கூறும் வரலாற்றைச் சைவருள் அறியாதார் யார்? சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் செல்லரித்த ஏடுகளினின்றும் பதிகங்களை மீட்டனர். ஏடு கிடைத்தது; சொல் கிடைத்தது; முறை வகுத்தாயிற்று. ஆயினும் பண்ணடைவு கிடைத்திலது. அதன்பொருட்டு அவர்கள் நாடியது மற்றோர் ஏட்டை அன்று. திருவெருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணி ஒருவரைத் திருவருளால் அறிந்து, அவரைக் கொண்டே பண்முறை வகுத்தனர். நம்பியின் புலமை அம்மையார் மிடற்றுக்கு முன் தலைவணங்கிற்று. அம்மையார் மிடறு நம்பி மீட்ட ஏட்டின்மேல் நின்றே தொழிற்பட்டது. ஒருவரை நீக்கின் மற்றவரால் ஆவதொன்றில்லை. நமது திருமுறைத் தொகுப்பே இவ்விரண்டன் கூட்டரவால் விளைந்ததாக, அவற்றைப் பிரித்துவைப்பார் எம்மரபினர் என்று தம்மைக் கூறிக்கொள்வரோ?

இனி, பாடுவார் கூறும் தடையை நோக்குவோம். “கற்பனை என்பது அந்நொடியிற் பிறப்பது; இருமுறை ஒன்றுபோல் வாராதது. அதனை ஆராய்தல் பறவையைக் கொன்று பறப்பதை அறிய முயல்வது போலும். ஆராய்ச்சி மிகின் கற்பனை வறளும்” என்பர். கேட்போர்க்கு இனிதாய இவ்வுரை ஆராய்வார்க்கு நில்லாது. இருமுறை ஒன்றுபோல் வாராமையாலன்றோ, எது மாறுகின்றது, எது மாறாது நிற்கின்றது என்று காணும் ஆராய்ச்சி வேண்டப்படுகின்றது? எம் முதியவரின் இந்தளம் நாள்தோறும் வேறாயிற்று. அவ்விறக்கம் மட்டும் வேறாகவில்லை. மாறுவது அவருடையது, மாறாதது அவர் பாட்டனார் வழியாக வந்த மரபினது. இப்பாகுபாட்டை அறிந்த பாடகர்க்குக் கற்பனை வறளுமோ? தம் தோட்டத்தின் எல்லையை அறிந்தவனே அச்சமின்றி உழுவான்.

குழலாசிரியர் தஞ்சாவூர் விசுவநாதன் (1927–2002) இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வீணை தனம்மாள் குடியிற் பிறந்து, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் பயின்று, மனோதரும இசையிற் பெயர்பெற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய அவர், அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக்கழகத்தில் 1975 ஆம் ஆண்டு பெற்ற முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறெதுவுமன்று, இராக ஆலாபனையே. தாம் நாளும் செய்யும் தொழிலையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அதனால் அவர் குழல் ஊமையாயிற்றோ? வாழ்நாள் இறுதிகாறும் வாசித்தும் கற்பித்தும் வந்தார். அப்பல்கலைக்கழகத்திலேயே சிலப்பதிகார இசையை ஆராய்ந்து பட்டம் பெற்ற எசு. இராமநாதன் (1917–1988), மேடையேறிப் பாடும் புலவராகவும் மாணவர் பலரை ஆக்கிய ஆசிரியராகவும் விளங்கினார். மேனாட்டு இசையாராய்ச்சியாளருள் மேண்டில் ஊடு என்பார், பிறநாட்டு இசையை ஆராய்வார் அதனைத் தாமே இசைக்கவும் பயிலல் வேண்டும் என 1960 ஆம் ஆண்டில் வலியுறுத்தி எழுதினார். பிறர் இசையை ஆராய்தற்கே அவர்க்கு அது வேண்டியதாயின், நம் இசையை ஆராயும் நமக்கு வேண்டாவோ?

இனி, ஆராயாமையால் விளையும் கேட்டையும் காண்க. கச்சேரியின் இறுதியில், கேட்போர் எழுந்து போகத் தொடங்கும் வேளையில், துக்கடாக்களுள் ஒன்றாகத் தேவாரம் ஒன்று பாடப்படுகின்றது. அப்பதிகத்திற்குரிய பண் திருமுறைப் பதிப்பில் அதன் தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனை நோக்காது, தமக்கு அன்று உவப்பாய இராகத்தில் பாடி, அதற்கு மனோதருமம் என்று பெயரிடுகின்றனர். அது மனோதருமமன்று; மனம் போன போக்கு. தருமம் என்னும் சொல் அங்கே எற்றுக்கு?

அவ்வாறாயின், நட்டபாடைக்கு நாட்டை, தக்கேசிக்குக் காம்போதி, காந்தாரபஞ்சமத்திற்குக் கேதாரகௌளை, கொல்லிக்கு நவரோசு, புறநீர்மைக்குப் பூபாளம் என்று ஓதுவார் வழங்கும் ஈடுகளைக் கைக்கொண்டால் அமையாதோ எனின், மரபென்ற அளவில் அமையும்; அவை போற்றத்தக்கனவே. ஆயினும் ஏழாம் நூற்றாண்டின் பண் அவ்வாறே இருந்ததென்று துணிதற்கு அம்மரபு ஒன்றே போதாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில், சிகாநாதர் கோயிலின் பின்னே பாறையிற் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு ஒன்றுளது. உருத்திராசாரியர் மாணாக்கனாகிய, பரமமாகேசுவரனாம் அரசன் ஒருவன், மாணாக்கர் நன்மைக்காக அதனைச் செய்வித்தான் என அக்கல்லே கூறும். அதன் ஏழு பகுதிகளின் பெயர்களுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்பன உள. சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்னும் தேவாரப் பண்களை அறிந்தார்க்கு இப்பெயரொப்புமை வியப்பைத் தருமன்றோ? பெயர் ஒத்தமையால் பண்ணும் ஒத்ததென்று துணியலாகாது. ஒவ்வாதென்று தள்ளலும் ஆகாது. அக்கல் மாணாக்கர் பயிலுதற்கென்று வெட்டப்பட்டது. அதன் சுரக்கோவைகளைப் பாடியும் நரம்பிலிட்டும் பார்ப்பவரே அவ்வினாவை ஓரடி முன்னே கொண்டுசெல்வர். எழுத்தின் காலத்தை மட்டும் வழக்காடுவாரும் அதனைச் செய்யார். அக்கல் உளதென்பதையே அறியாது பஞ்சமம் பாடுவாரும் அதனைச் செய்யார்.

இவ்விருவரும் அல்லாத மூன்றாந் திறத்தார் ஒருவர் உளர். அவர் நம் அன்பிற்குரிய அடியார். “திருமுறை மந்திரம், அதன்கண் ஆராய்ச்சியும் வேண்டா, கற்பனையும் வேண்டா, கேட்டவாறு ஓதுதலே அமையும்” என்பர். அவர்தம் அச்சம் நியாயமானது. சொல்லைச் சிதைத்துச் சீரை முறித்துத் தம் குரல்வன்மை காட்டும் பாட்டினை யாமும் வெறுக்கின்றேம். திருமுன்னர்ப் பாடுங்கால் ஆளத்தி அளவிற்பட்டதாதல் வேண்டும் என்பதும், பதிகத்தின் ஓரெழுத்தும் மாறலாகாது என்பதும் எமக்கு உடன்பாடே. ஆயினும் மூன்றினை அவர் எண்ணிப் பார்ப்பாராக.

ஒன்று, எம் நாட்டுச் சொல்வழக்கு. இரணியலுக்கு அணித்தாய பத்மநாபபுரத்தினின்று நவராத்திரிதோறும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுவிக்கப்படும் கலைமகளைத் தேவாரக்கட்டுச் சரசுவதி என்பர். ஈண்டுத் தேவாரம் என்பது அரண்மனையகத்து நிகழும் வழிபாடு. சோழர் கல்வெட்டுக்களிலும் வழிபாட்டைக் குறித்து அச்சொல் வருதல் உண்டு. பதிகங்களைத் திருப்பதியம் என்றே அவை வழங்கும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமைத்தான். ஆகவே தேவாரம் என்பது செய்யப்படும் ஒன்று, வைக்கப்படும் ஒன்றன்று. இதனை நமக்குத் தெளிவித்தது எது? கல்வெட்டாராய்ச்சி. ஆராய்ச்சி வேண்டாவென்பார், பாட்டின் பெருமையைக் காட்டும் இச்சான்றையும் வேண்டாவென்பரோ? திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து நிறுவ முயன்றமையால் பிள்ளையார்பால் எவர்க்கேனும் அன்பு குறைந்ததுண்டோ?

இரண்டு, பெரியபுராணம். ஆனாய நாயனார் குழலூதியதைக் கூறவந்த சேக்கிழார் சுவாமிகள், அன்பின் பெருக்கை மட்டும் பாடி அமையவில்லை. மூங்கிலை அரிந்து குழல் செய்யுமாறும், துளையிடுமாறும், விரல் வைக்குமாறும் இசைநூல் முறையோடு விரித்தார். திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததையும் நோக்குக. பதிகத்தின் சிறப்பு யாழினால் வந்ததென்று சுற்றத்தார் கூற, யாழ்ப்பாணரே அதனைப் பொறாது வேண்டிக்கொண்டவாறு, யாழில் அடங்காத பதிகத்தைப் பிள்ளையார் அருளினார். யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்கியபோது, பிள்ளையார் தடுத்து, கருவியில் எய்தும் அளவு இசைக்குமாறு பணித்தார். இசை கருவியின் எல்லையைக் கடந்தது என்பதே அறியவேண்டிய உண்மை. அவ்வெல்லை அறியப்பட்டது பாடியும் இசைத்தும் பார்த்த அவ்விடத்திலே. எல்லை கண்டபின் யாழை எறிந்துவிடுதலும் நெறியன்று எனப் பிள்ளையார் காட்டினார். ஆராய்ச்சியைக் கருவியாகவும் பாட்டை அதனைக் கடப்பதாகவும் கொள்வார்க்கு இதனினும் சிறந்த நியாயம் வேண்டுமோ?

மூன்று, ஞானநெறியின் படிகள். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக நம் நூல்கள் கூறும். கேட்டவாறு ஓதுதலே அமையும் என்பார் கேட்டலினின்று நிட்டைக்குத் தாவ நினைக்கின்றார். சிந்தித்தலோடு நின்றுவிடுவார் பாடாத ஆராய்ச்சியாளர். இடையிரண்டையும் நீக்குவார் ஆராயாத பாடகர். ஆசிரியன்பாற் கேட்டு, நூலொடு சிந்தித்து, பாடிப் பாடித் தெளிந்து, பாட்டிலே தம்மை மறத்தல் அன்றோ முறை? நான்கும் ஒருவர்பாலே நிகழ்வன. நான்கு பேர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படுவன அல்ல.

இந்நெறி நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கூறுவார்க்குக் குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) வாழ்வே விடை. பண்ணாராய்ச்சியே வாழ்வாகக் கொண்டு, ஊர்தோறும் சென்று, பாடிக்காட்டியே விளக்கியவர் அவர். அவர் கூற்றில் ஐயமுற்றார் அவர் பாட்டையே கேட்டு ஆராயலாயிற்று. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்தத் தொடங்கிய பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்கள் பாட, புலவரும் இசைவாணரும் உடனிருந்து ஆராய்ந்தனர். எம் தென்கோடியிலும், கீர்த்தனம் இயற்றியும் வீணை இசைத்தும் இசைபற்றி எழுதியும் வாழ்ந்த திருவனந்தபுரம் இலக்குமண பிள்ளை (1864–1950) போன்றார் இருந்தனர். வழி புதிதன்று, நடப்பாரே குறைந்தனர்.

ஆகவே யாம் வேண்டுவன நான்கு. பண்பற்றிய ஆராய்ச்சிக்குப் பட்டம் வழங்கும் கழகங்கள், எழுதிய நூலோடு பாடிக்காட்டுதலையும் தேர்வின் பகுதியாக்கி, தேர்வாளருள் ஓதுவார் ஒருவரையேனும் அமர்த்துக. தேவாரப் பாடசாலைகள், பண்முறையோடு அதன் வரலாறும் கல்வெட்டும் இசையிலக்கணமும் மாணாக்கர்க்குக் கற்பிக்க. முதியோர் பாட்டை ஒலிப்பதிவு செய்வார், பதிகத்தின் பெயரும் இராகத்தின் பெயரும் குறித்தமையாது, யார்வழிக் கற்றார், எவ்விடத்து மாறினார், எவ்விடத்து மாறாது நின்றார் என்பவற்றையும் குறித்து, அதனைத் தாமும் ஒருமுறை பாடிப் பார்த்த பின்னரே விடைபெறுக.

நான்காவதே தலையாயது. திருமுறை பாடுவார் எவரும், தம் பாட்டில் இஃது ஆசிரியர் தந்தது, இஃது ஆராய்ந்து உய்த்துணர்ந்தது, இஃது என் மிடறு இன்று கண்டது என்று கேட்பார்க்குப் பிரித்துரைக்க வல்லராதல் வேண்டும். உரையும் கருதலும் காண்டலும் அங்ஙனம் பிரித்துரைக்கப்படின், மரபு கற்பனையால் கெடும் என்னும் அச்சமும் இல்லை. கற்பனை மரபால் ஒடுங்கும் என்னும் அச்சமும் இல்லை. தன்னுடையதை ஆசிரியர் மேல் ஏற்றுதலும் ஆசிரியருடையதைத் தன்னதாகக் காட்டுதலும் பொய்யாகலின், இஃது இசைக்கு மட்டுமன்றி அறத்திற்கும் உரிய விதியாம்.

முதியவரின் திண்ணை இன்றும் உளது, தறி இல்லை. அந்திப்பொழுதில் யாம் எம் இல்லத்தே இந்தளத்தை எடுத்து அவ்விறக்கத்தைத் தேடுகின்றேம். சிலநாள் கிட்டினாற்போலும் இருக்கும். ஆயினும், அஃது அவருடையதோ எம் கற்பனையோ என்று துணிந்துரைக்க எம்பாற் சான்றில்லை. இந்நிலை பிறர்க்கு நேராதிருக்க வேண்டுமெனின், பாடும் முதியோர் எவ்வூரில் எஞ்சியுள்ளாரோ அவ்வூர்ச் சைவர் இவ்வாரமே அவரை நாடிச் சென்று அடியருகே அமர்க, கேட்க, எழுதுக, உடன் பாடுக. ஏட்டையும் மிடற்றையும் பிரியாது கூட்டிவைக்கத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்

இரணியல்